லேப்டாப் மேல் கிடந்த துவர்த்து

கருங்கல் சந்தைக்குப் போகிற ரோட்டில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. ஃபேன், ஸ்விட்ச், வயர், தண்ணீர் மோட்டார், இவைதான் சரக்கு. வீட்டில் காற்று வரவில்லை என்று யார் புலம்பினாலும் நேராக என்னிடம்தான் வருவார்கள். அப்பேர்ப்பட்டவனுடைய வீட்டு ஹாலில், சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், ஒரு லேப்டாப் மாதக்கணக்கில் காற்றில்லாமல் வெந்துகொண்டிருந்தது. அது ஏன் வெந்தது என்று தெரிந்த நாளில் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரிந்த நாளில் ஒரு கடையின் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

என் மனைவி குவைத்தில் நர்ஸ். பெரும்பாலும் நைட் டியூட்டி. டியூட்டி முடிந்து அறைக்கு வந்து, குளித்து, எதையாவது சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வீடியோ கால் போடுவாள். இங்கே அப்போது காலை வெயில் ஏறியிருக்கும். நான் கடையில் இருப்பேன், மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். வீட்டில் அம்மா மட்டும். மவுஸை நகர்த்திப் பச்சைப் பொட்டின் மேல் வைத்து ஒரு தட்டு தட்ட என் மகள் அம்மாவுக்குப் பழக்கிக் கொடுத்திருந்தாள். அதற்கு மேல் அந்தப் பெட்டியில் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

மாமியாரும் மருமகளும் கொஞ்ச நேரம் பேசுவார்கள். என்ன மீன் கிடைத்தது, என்ன கறி வைத்தாய், யார் வீட்டில் என்ன விசேஷம். பிறகு அவள் போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு உறங்கிப்போவாள். வீடியோ காலை மட்டும் கட் பண்ண மாட்டாள். எங்கள் ஹாலின் சத்தமெல்லாம் அவள் அறைக்குப் போய்க்கொண்டே இருக்கும். குக்கர் விசில், காகம், மீன்காரரின் பைக் ஹார்ன், அம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம். அவள் கண்விழிக்கும்போது இங்கே சாயங்காலம். மகள் வேனிலிருந்து இறங்கி வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பாள். "வீட்டுச் சத்தம் கேட்டாதான் எனக்கு ஒறக்கம் வரும்" என்பாள் மனைவி. ஊரில் சிலர் மாத்திரை போட்டு உறங்குகிறார்கள், உனக்கு எங்கள் வீட்டு குக்கர் விசில் போதுமா என்று நான் கேலி செய்வேன்.

ஒருநாள் நடுப்பகலில் கரண்ட் போய், மோடம் அணைந்து, கால் அறுந்துபோனது. அவள் திடுக்கிட்டு எழுந்து பார்த்திருக்கிறாள், திரை கறுப்பாக இருந்திருக்கிறது. எனக்கு அடித்தாள், நான் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்ததில் எடுக்கவில்லை. அடுத்த வீட்டுக்கு அடித்தாள், எதிர் வீட்டுக்கு அடித்தாள், எங்கள் முக்கில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு அடித்தாள். அம்மா கொல்லையில் தேங்காய் பொறுக்கிவிட்டு வந்தால் ஹால் நிறைய ஆள் நிற்கிறது. அன்றைக்கு அம்மாவிடம் நான் கண்டிப்பாகச் சொன்னேன்: வானம் இடிந்து விழுந்தாலும் இந்தக் காலைக் கட் பண்ணக் கூடாது, மூடியைச் சாத்தக் கூடாது. அம்மா தலையை ஆட்டினாள். எங்கள் வீட்டில் நான் சொன்னதை யாராவது அட்சரம் பிசகாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சூடு எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியாது. ஒரு மாலை நான் வீட்டுக்கு வந்து கீபோர்டில் கை வைத்தேன், சட்டென்று எடுத்துக்கொண்டேன். சாயாக் கிளாஸின் வெளிப்பக்கம் போலச் சூடு. உள்ளே இருக்கிற சின்ன ஃபேன் உயிரைக் கொடுத்து இரைந்துகொண்டிருந்தது. பிறகு மதிய நேரங்களில் அது தானாக அணையத் தொடங்கியது. அணைந்தால் குவைத்தில் அவள் எழுந்துவிடுவாள், எனக்குப் போன் வரும், நான் கடையை ஆளிடம் விட்டுவிட்டு ஓடுவேன். என் கோபம் எனக்குத் தெரியும். முதலில் லேப்டாப் விற்றவரைத் திட்டினேன். பிறகு கரண்ட் ஆபீஸைத் திட்டினேன். கடைசியில், இப்படி நாள் முழுக்கக் கால் போட்டு வைத்தால் எந்த மெஷின்தான் தாங்கும் என்று மனைவியையே திட்டினேன். அவள் கேட்டுவிட்டு, மறுநாள் வழக்கம்போலக் கால் போட்டாள்.

"இஞ்ச பாருங்க, சூடு கெடக்கட்டும். மத்தியானமானா அதுக்க எரைச்சல் வேற கூடிக்கூடி வருது" என்றாள் ஒருநாள். "காதுக்குள்ள வந்து எரையும். முதல்ல ஒறக்கம் கெட்டுது. இப்ப அதுவும் பழகிப்போச்சு."

ஃபேன் விற்கிறவன் சும்மா இருப்பேனா? கடையிலிருந்து ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து லேப்டாப்பின் முதுகுக்கு நேராக வைத்தேன். மனைவி எழுந்ததும், "அங்க என்ன புயலா?" என்று கேட்டாள். மைக்கில் காற்று அடித்து வேறெதுவும் கேட்கவில்லையாம். அதை எடுத்தேன். அடிப்பக்கத்தில் காற்று போகட்டும் என்று இரண்டு மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்தேன். நாகர்கோவிலில் ஒரு கடையில் நீல வெளிச்சம் எரிகிற கூலிங் பேட் வாங்கி அதையும் அடியில் வைத்தேன். அதன் வெளிச்சத்தைப் பார்த்த அம்மா, "என்னல இது, திருநாளுக்கு குருசடியில சீரியல் லைட் போட்டது கணக்கா" என்றாள். சூடு மட்டும் குறையவில்லை. காலையில் நான் பார்க்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும். மாலையில் வந்தால் கொதிக்கும். நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு மாலை அதன் வயிறு வீங்கிவிட்டது. உண்மையாகத்தான் சொல்கிறேன். மூடியைச் சாத்தப் போனேன், சாத்த வரவில்லை. விரலால் தடவுகிற அந்தச் சதுரம் மேலே எழும்பி நின்றது. அடியைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரி இருக்கிற இடம் உப்பி, ஓரத்தில் பிளாஸ்டிக் வாயைப் பிளந்திருந்தது. நெயில்பாலிஷ் போல ஒரு வாடை. என் போனை வீடியோவில் போட்டுக் காட்டியதும் மனைவி, "கைய எடுங்க, கைய எடுங்க, வெடிச்சிரும்" என்று கத்தினாள். நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வாசலில் கிடந்த முறத்தை எடுத்து, அதில் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். தென்னை மூட்டில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கூடை மணலையும் கொட்டி வைத்துக்கொண்டு, தள்ளி நின்று பார்த்தேன். தினமும் என் மகள் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்கிற பெட்டி. அம்மா வாசல்படியில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் பார்த்தாள். எழுந்து வரவில்லை. எங்கள் அம்மா ஒரு பெகளம், கூச்சல் நடக்கிற இடத்துக்கு எழுந்து வராமல் இருந்ததே இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பேட்டரி ஆறிய பிறகு லேப்டாப்பைக் கருங்கல்லில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற தம்பியிடம் கொண்டுபோனேன். என் கடையிலிருந்து கூப்பிடு தூரம். அவன் அடிமூடியைக் கழற்றியதும் முகத்தைச் சுளித்தான். ஃபேனுக்கும் காற்று வெளியே போகிற வழிக்கும் நடுவில் பஞ்சு. தூசி என்றால் கறுப்பாக இருக்கும், இது வெள்ளையாக, மெத்தென்று, நடுவில் சிவப்பு இழைகளோடு இருந்தது. குறட்டால் பிடித்து இழுத்தான், வந்துகொண்டே இருந்தது.

"என்ன அண்ணே, மெத்தைக் கடை வச்சிருக்கியளா?"

"மேசை மேலாக்கும் இருக்கு. மெத்தைக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல."

"அப்ப யாரோ இதுக்கு மேல துணி போட்டு மூடுதாவ. ஓடிட்டு இருக்கும்போ மூடுனா சூடு எங்க போவும்? பேட்டரி தப்பிச்சதே பெரிய காரியம்."

எனக்கு மூக்கு நுனியில் கோபம். எங்கள் வீட்டில் லேப்டாப்புக்கு யார் போர்வை போடுவார், அதற்குக் குளிருகிறதா என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தான். பஞ்சை எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, புதிய தெர்மல் பேஸ்ட் தடவி, ஃபேனையும் பேட்டரியையும் மாற்றினான். சூட்டைக் காட்டுகிற ஒரு புரோகிராமையும் போட்டுத் தந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று காதை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு மதியம், மறந்து வைத்துவிட்டுப் போன டிரில் மெஷினை எடுக்க வீட்டுக்கு வந்தேன். பெட்டி அணைந்து போன் வந்தாலொழிய நான் அந்த நேரத்துக்கு வருவதே கிடையாது. ஹாலில் நுழைந்ததும் அசந்துபோனேன். ஓடிக்கொண்டிருக்கிற லேப்டாப்பின் மேல் அம்மாவின் துவர்த்து விரித்துக் கிடக்கிறது. குளித்துத் துவட்டுகிற அதே வெள்ளைத் துவர்த்துதான், சிவப்புக் கரை போட்டது. திரை, கீபோர்டு, காற்று போகிற பக்கவாட்டு ஓட்டை எல்லாவற்றையும் மூடி, காற்றில் பறக்காதபடி நாலு முனையையும் அடியில் செருகி வைத்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அம்மா. வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் வேர்வை. என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

துவர்த்தைத் தூக்கினேன். உள்ளே குவைத்தில் என் மனைவி நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

அம்மாவால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிடிபட்ட திருட்டுமுழி என்று நினைத்தேன். கொஞ்சம் கழித்துத்தான் சொன்னாள். "அவ அங்கயிருந்து பாத்துட்டே இருக்காளே. நான் ரவிக்கையும் முண்டுமா நடக்கேன். எனக்கு நாணமா இருக்காதால?"

"அதுக்கு மூடுவியா? கட் பண்ண வேண்டியதுதானே!"

"கட் பண்ணப்பிடாதுன்னு நீதானல சொன்ன. மூடியும் சாத்தப்பிடாது. பின்ன நான் என்ன செய்யதுக்கு?"

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் ஊரில் பிறந்தவளுக்குத்தான் இப்படி ஒரு வழி தோன்றும். வீட்டுக்கு வந்த ஆளை வெளியே போ என்று சொல்ல முடியாது, அவர் கண் முன்னால் உடுப்பும் மாற்ற முடியாது, அதனால் ஆளின் மேல் ஒரு துணியைப் போட்டுவிடுவது. அன்று கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். சர்வீஸ் தம்பியிடம் போய், நீ சொன்னது சரிதானப்பா, போர்வை போட்டது எங்க அம்மை என்றேன். மனைவி கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "மாமிக்க முண்டும் ரவிக்கையும் நான் காணாததா?" என்றாள். இனிமேல் துவர்த்து போடக் கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு போட்டேன். அம்மா அதற்கும் தலையை ஆட்டினாள்.

சூடு நின்றது. புரோகிராமில் தெரிகிற எண் மாலையிலும் காலையில் இருந்த இடத்திலேயே நின்றது. கீபோர்டு குளிர்ந்திருந்தது. நான் ஒரு வெற்றி வீரனைப் போல நடந்துகொண்டேன். ஆனால் சில நாள் கழித்து மனைவி புதிதாக இரண்டு புகார் சொன்னாள்.

"முழிச்சுப் பாத்தா சொவருதான் தெரியுது. மாமி இப்ப லேப்டாப்பைத் திருப்பி வைக்குதாவ போல." அதற்கும் சிரித்தோம். "பின்ன, அந்த எரைச்சல் இன்னும் மாறல்ல. மத்தியானம் அப்படியே கெடக்கு."

இது எனக்குப் பொறுக்கவில்லை. புது ஃபேன். நானே காதை வைத்துப் பார்த்திருக்கிறேன். உனக்குக் காது கேட்கிறதா கோளாறா என்று கேட்டேன். கேட்கிறது என்றாள். அப்படியானால் சர்வீஸ்காரன் பழைய ஃபேனைத் துடைத்துப் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று முடிவுகட்டினேன். சண்டைக்குப் போவதற்கு முன் கையில் ஆதாரம் வேண்டும். உன் பழைய போனைப் பக்கத்தில் வைத்து அந்தச் சத்தத்தை ரெக்கார்டு பண்ணி அனுப்பு என்றேன். மறுநாள் அவள் ரெக்கார்டை ஓடவிட்டு உறங்கியிருக்கிறாள். எழுந்து, டியூட்டிக்கு வண்டி வந்துவிட்ட அவசரத்தில், கேட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள். நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, ஃபேன் சத்தம்தானே.

அடுத்த நாள் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போய் ஒரு பெகளம் வைத்தேன். பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன். தம்பி லேப்டாப்பைப் போட்டு, கனமான ஏதோ வேலையைக் கொடுத்து ஓடவிட்டான். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். ஒரு சாயா குடித்து முடித்த பிறகும் அது சத்தம் போடவில்லை. ரோட்டில் போகிற பஸ் சத்தத்தில் அது ஓடுவதே தெரியவில்லை.

"ரெக்கார்டு இருக்குன்னு சொன்னியளே, போடுங்க பாப்போம்" என்றான்.

போட்டேன். போனைக் கவுன்டர் மேல் வைத்து வால்யூமை முழுக்க ஏற்றினேன்.

முதலில் எங்கள் ஹால் கேட்டது. சுவர்க் கடிகாரம். தூரத்தில் ஒரு பைக். பிறகு அது வந்தது. கரகரவென்று, ஈரமாக, மேலே ஏறுகிற ஓர் இரைச்சல். ஏறி ஓரிடத்தில் நின்றது. பிறகு சீழ்க்கை போல மெல்லிசாக இறங்கியது. மறுபடி ஏறியது.

"ஃபேன் இப்படி நிண்ணு நிண்ணு எரையாதே அண்ணே" என்றான் தம்பி. "பக்கத்துல வேற ஏதாவது மெஷின் ஓடுதா? கிரைண்டரா?"

கிரைண்டர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது போனுக்குள் ஒரு காகம் கத்தியது, ஜன்னல் பக்கம். இரைச்சல் சட்டென்று நின்றது. "போ" என்றது ஒரு குரல். அடுத்த சொல்லுக்கு முன்னால் அந்த ஈரமான இரைச்சல் ஒரு முறை ஏறி இறங்கியது. "காக்கா" என்றது. மறுபடி ஏறி இறங்கியது. "போ."

அம்மா.

ஒரு காகத்தை விரட்ட என் அம்மாவுக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டிருந்தது. எத்தனை மாதமாக அது என் மனைவியின் காதில் கேட்டுக்கொண்டிருந்ததோ, அத்தனை மாதமாக நான் ஃபேனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கவுன்டரை இறுகப் பிடித்துக்கொண்டேன். தம்பி ஏதோ கேட்டான், வாய் அசைவதுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. லேப்டாப் இங்கே இருக்கிறது. இன்றைக்கு அம்மாவின் மூச்சை யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

லேப்டாப்பை அங்கேயே போட்டுவிட்டு பைக்கை எடுத்தேன். வீடு வரைக்கும் எப்படி ஓட்டினேன் என்று ஓர்மையில்லை. வாசல் திறந்து கிடந்தது. அம்மா ஹாலில் இல்லை, அடுக்களையில் இல்லை. மாடிப்படியில் பாதி ஏறி, ஒரு படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிழிந்த துணி. சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் வந்ததைக் கண்டதும் அன்று செய்தது போலவே வாயை மூடிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. வாய் தானாகத் திறந்து அந்தச் சத்தம் வெளியே வந்தது. போனில் கேட்டதைவிடப் பெரிதாக இருந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். உறக்கம் வராமல் படுத்திருந்தவள், திரையில் மாமியைப் பார்த்த உடனே எழுந்து உட்கார்ந்தாள். அவள் குரல் மாறியது. என்னிடம் அவள் அந்தக் குரலில் பேசியதே கிடையாது. வார்டில் பேசுகிற குரலாக இருக்கும்.

"முண்டைத் தூக்கி கால காட்டுங்க. கணுக்கால்ல விரலு வச்சு அமுக்குங்க. எடுங்க."

அமுக்கினேன். எடுத்தேன். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. கணுக்கால் எலும்பு எங்கே போனது என்றே தெரியவில்லை, இரண்டு காலும் ஒரே தடிமனில் வீங்கியிருந்தன.

"படுக்க வைக்கப்பிடாது. கேட்டியளா? கால தொங்கப்போட்டு உக்கார வச்சே கொண்டு போணும். இப்ப, இந்த நிமிஷம்."

முக்கு ஆட்டோக்காரர்தான் வந்தார். அம்மா என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாகர்கோவிலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேன். மறுபக்கத்திலிருந்து மனைவி அவளோடு பேசிக்கொண்டே வந்தாள். மாமி, கண்ண மூடப்பிடாது. மாமி, என்னைப் பாருங்க. அம்மா பார்த்தாள். இதற்கு முன் துணியைப் போட்டு ஒளிந்துகொண்டவள், அன்று கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோர்த்திருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ராத்திரியில் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்துதான் உறங்குவார்களா என்று கேட்டார். ஆமாம், முதுகுவலி என்று சொன்னாள் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் அடங்கியது.

பேச முடிகிற அளவுக்கு ஆனதும் நான் கேட்டுவிட்டேன். பயம் போனதும் எனக்குக் கோபம்தான் வந்தது. "எதுக்கும்மா மறைச்ச? நாணமா இருக்கு, முண்டு, ரவிக்கைன்னு ஒரு கதை வேற!"

அம்மா மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உனக்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அவ நர்சுல்லா. ஒருக்கா பாத்தா போதும், அறிஞ்சிருவா."

"அறியட்டுமே!"

"அறிஞ்சா வேலையக் களஞ்சிட்டு வந்திருவா. அவளுக்க அம்மைக்கு முடியாம வந்தப்ப சவுதி வேலையக் களஞ்சிட்டு வந்தாளே, ஓர்மையில்லியா? பின்ன ஒரு வேலை கிட்டதுக்கு எத்தர வருசம் அடுக்களையில நிண்ணு கண்ணு கலங்குனா. நான் கண்டேம்லா. எனக்காகவும் அவ அப்பிடி வந்து நிக்கணுமா?"

வெளியே வராந்தாவில் போய் நின்றேன். ஒரு பெண், தன் மூச்சு திணறுவதை இன்னொரு பெண் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, மாதக்கணக்கில் ஒரு மெஷினின் மேல் துணியைப் போட்டு மூடியிருக்கிறாள். துணி கண்ணைத்தான் மறைக்கும், காதை மறைக்காது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. நான் அதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மனைவி வேலையை விடவில்லை, அவசர லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, காரில் ஏறி, மார்த்தாண்டம் தாண்டினோம். பிறகுதான் அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வார்டுல எந்தக் கட்டில்லயிருந்து அந்தச் சத்தம் வந்தாலும் ஓடியிருப்பேன். கதவுக்கு வெளிய நிண்ணு கேட்டாலே என்ன வியாதின்னு சொல்லீருவேன். அதுக்குத்தானே எனக்கு சம்பளம்."

"ஃபேன்னு நெனச்ச. நானும் அதத்தானே நெனச்சேன்" என்றேன்.

"நீங்க நெனைக்கலாம். நான் அத கேட்டாக்கும் ஒறங்குனேன்." முகத்தைத் திருப்பவில்லை. "சத்தம் கேக்காத நாள்ல ஒறக்கம் வராது. கேட்டா, ஆ, வீடு இருக்குன்னு கண்ணு தானா சொக்கும். அவ்வளவு சொகமா ஒறங்குனேன்."

அவள் அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அழவில்லை. டிரைவர் ரேடியோவை அணைத்தார்.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாத்திரைகளை மனைவி டப்பாக்களில் பிரித்து வைத்தாள், உப்பைக் குறைத்தாள், தண்ணீரை அளந்து கொடுத்தாள், தினமும் கணுக்காலை அமுக்கிப் பார்த்தாள். கணுக்கால் எலும்பு திரும்ப வெளியே தெரிந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மா முனகிக்கொண்டாலும் சொன்னபடி கேட்டாள். மாமியாரும் மருமகளும் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து அம்மா அறைக் கட்டிலில் படுத்திருந்தாள், மனைவி ஹாலில் பாயை விரித்துக் கண்ணை மூடியிருந்தாள். நான் நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா இப்போது ஒற்றைத் தலையணையில் படுக்கிறாள், மூச்சு விடுவதே கேட்காது. வீடு அமைதியாக இருந்தது. மனைவி புரண்டு படுத்தாள். மறுபடி புரண்டாள். பிறகு எழுந்து அறைக்குள் போனாள். நான் பின்னால் போய்க் கதவு நிலையில் நின்றேன். அவள் கட்டிலருகே குனிந்து, அம்மாவின் மூக்கருகே காதை வைத்து, தன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள்.

அம்மா கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"ஏட்டி, நான் இஞ்சதான் கெடக்கேன். நீ போய் ஒறங்கு மக்ளே."

அவள் போகவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து, அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.